வேறு மாநில நண்பருக்குப் பழைய ரைஃபிள்களைக் கொடுப்பது: அமெரிக்கச் சட்டம் மீறாமல் செய்ய முழு வழிகாட்டி

வயது ஏறிவிட்டது, வேட்டைக்குப் போவது நின்றுவிட்டது, பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை. அலமாரியில் நிற்கும் நாலைந்து ரைஃபிள்களை, அவற்றின் அருமை தெரிந்த ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் நிறைய. நண்பர் அதே மாநிலத்தில் இருந்தால் பல இடங்களில் வேலை சுலபமாக முடிந்துவிடும். அவர் வேறு மாநிலத்தில் குடியிருந்தால் அப்படி முடியாது. "நான் விற்கவில்லையே, சும்மாதானே கொடுக்கிறேன்" என்ற நினைப்பில்தான் எந்தத் தப்பும் செய்யாத மனிதர்கள் ஃபெடரல் குற்றத்துக்குள் காலை வைக்கிறார்கள்.

சட்டம் சொல்வதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லாத ஒரு தனிநபர், வேறு மாநிலத்தில் குடியிருக்கும் இன்னொரு தனிநபருக்குத் துப்பாக்கியை விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, கொடுக்கவோ, கொண்டுபோய்ச் சேர்க்கவோ கூடாது. "கொடுக்க" என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. பணம் கைமாறியதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. இது கொடுப்பவருக்கான விதி. வாங்குபவருக்கும் தனியாக ஒரு விதி உண்டு: வெளிமாநிலத்தில் பெற்ற துப்பாக்கியைத் தன் மாநிலத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஆக உங்கள் கராஜில் வைத்து ரைஃபிளை நண்பர் கையில் கொடுத்து, அவர் அதைக் காரில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால், ஒரே செயலில் இருவரும் சட்டத்தை மீறியவர்கள். தெரிந்தே செய்தால் 5 ஆண்டுகள் வரை சிறை.

இதற்கான வாசல் ஒன்றுதான். ஃபெடரல் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் டீலர் ஒருவரின் பதிவேட்டின் வழியாக அந்த ரைஃபிள் போக வேண்டும். இந்த லைசென்ஸையும், அதை வைத்திருக்கும் டீலரையும் எல்லாரும் எஃப்எஃப்எல் என்றே சொல்வார்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த வாசலை ஒழுங்காகக் கடப்பதற்கானவை.

இந்த விதி எங்கிருந்து வந்தது

1963-ல் அதிபர் கென்னடியைச் சுட்ட இத்தாலிய கார்கானோ ரைஃபிளை லீ ஹார்வி ஆஸ்வால்ட் சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் வரவழைத்தார், அதுவும் பொய்ப் பெயரில். அன்றைக்கு அதைத் தடுக்க எதுவுமில்லை. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி இருவரும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநில எல்லை தாண்டும் துப்பாக்கி முகம் தெரிந்த ஒரு டீலர் கையால் மட்டுமே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் முதுகெலும்பு. பின்னணிச் சோதனை எல்லாம் வெகு நாள் கழித்து வந்தது. 1993-ன் பிரேடி சட்டம் அதற்கு வழி போட்டது, எஃப்பிஐ நடத்தும் உடனடிச் சோதனை முறை 1998 நவம்பரில் தொடங்கியது. இந்த வரலாறு தெரிந்தால், "நண்பர்களுக்குள் எதற்கு இவ்வளவு?" என்ற எரிச்சல் குறையும்.

படி 1: நண்பரால் வாங்கிக்கொள்ள முடியுமா?

பலரும் ரைஃபிளில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். நண்பரில் இருந்து ஆரம்பியுங்கள். அவருக்குத் தகுதி இல்லையென்றால் மற்ற எதற்கும் அர்த்தமில்லை. தகுதி இல்லாதவர் என்று தெரிந்தோ, தெரியக் காரணம் இருந்தோ கொடுத்தால் அது உங்கள் மேலும் குற்றம்.

ஃபெடரல் சட்டம் யாரையெல்லாம் தடுக்கிறது? ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் (எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்பது கணக்கில்லை, எவ்வளவு விதிக்க முடியும் என்பதே கணக்கு), தேடப்படுபவர்கள், சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள், மனநிலை காரணமாக நீதிமன்ற உத்தரவுக்கு உள்ளானவர்கள், ராணுவத்திலிருந்து அவமதிப்புடன் நீக்கப்பட்டவர்கள், அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தவர்கள், குடும்ப வன்முறைத் தடை உத்தரவு உள்ளவர்கள், குடும்ப வன்முறையில் சிறு குற்றமாகவே தண்டனை பெற்றவர்கள். கடைசி வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய, அபராதத்தோடு முடிந்த வழக்காக இருந்தாலும் அது குறுக்கே நிற்கும்.

நம்மவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் தடை உண்டு. வாங்குவது மட்டுமல்ல, துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே குற்றம். வேலை அனுமதி அட்டை இருப்பதால் இது மாறாது. விதிவிலக்குகளில் சாதாரண ஆட்களுக்குப் பொருந்துவது அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஓய்வு பெறும் அமெரிக்க மேலாளர் பாசமாக ஒரு மார்லின் ரைஃபிளை நீட்டும்போது மறுப்பது சங்கடம்தான். ஆனால் துப்பாக்கிச் சட்ட வழக்கில் தண்டனை பெற்றால் குடியுரிமை இல்லாதவரை நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டம் தனியாகவே சொல்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். விசாவில் இருந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள், அல்லது கார்டு வரும்வரை அவரையே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கஞ்சா இன்னொரு கண்ணி. மாநிலம் அனுமதித்தாலும் டீலர் கடையில் நிரப்பும் படிவம் அதைப் பற்றி நேராகக் கேட்கும், பொய் சொல்வது தனிக் குற்றம். மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருக்கும் நண்பரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வயது: டீலரிடமிருந்து ரைஃபிளோ ஷாட்கன்னோ பெற ஃபெடரல் கணக்கில் 18, கைத்துப்பாக்கிக்கு 21. சில மாநிலங்கள் ரைஃபிளுக்கும் 21 ஆக்கிவிட்டன. 21 வயதுக்குக் கீழே இருந்தால் 2022-ல் வந்த சட்டப்படி கூடுதல் சோதனை உண்டு, அதற்கு 10 வேலை நாள் வரை ஆகலாம்.

"வேறு மாநிலத்தவர்" என்பது எப்படி முடிவாகிறது என்றும் கேட்பீர்கள். குடியிருக்கும் எண்ணத்தோடு எங்கே இருக்கிறாரோ அதுவே அவர் மாநிலம். உங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினால் அவர் உங்கள் மாநிலத்தவர் ஆகிவிட மாட்டார். பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு அவர்களுடைய நிரந்தரப் பணியிடம் இருக்கும் மாநிலமும் குடியிருப்பாகக் கணக்கில் வரும். இரண்டு மாநிலத்தில் வீடு வைத்து மாறி மாறி வாழ்பவர், அந்தந்த வீட்டில் வாழும் காலத்தில் அந்தந்த மாநிலத்தவர்.

படி 2: கையில் இருப்பது என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

தொடுவதற்கு முன் ஒன்று. எத்தனை வருடம் சும்மா நின்றிருந்தாலும், உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். போல்ட்டை (பின்பக்கம் திறந்து மூடும் உலோகத் தண்டு) திறந்து, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குழல்வடிவ மேகசின் உள்ள 22 காலிபர் ரைஃபிள்களில் ஒரு தோட்டா உள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. பழக்கமில்லாத பொருளென்றால் டீலரிடமோ துப்பாக்கி மெக்கானிக்கிடமோ கொடுத்துக் காலி செய்து தரச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: தயாரித்த நிறுவனம், மாடல், காலிபர், வரிசை எண், குழலில் உள்ள முத்திரைகள், நாலு பக்கப் புகைப்படம். வரிசை எண் இல்லையென்றால் பதற வேண்டாம். எல்லா ரைஃபிளிலும் எண் அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் 1968-க்கு முன் இல்லை. சியர்ஸ் மாதிரிக் கடைகள் தங்கள் பெயரில் விற்ற மலிவான 22 காலிபர் ரைஃபிள்கள் பலவற்றில் எண்ணே கிடையாது. டீலர் "எண் இல்லை" என்று எழுதிக்கொள்வார். இருந்த எண்ணைத் தேய்த்தோ வெட்டியோ அழித்திருந்தால் விஷயம் வேறு. அதை வைத்திருப்பதே குற்றம். அதை எங்கும் அனுப்பாமல், கொடுக்காமல், ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

துப்பாக்கியின் வயது ஏன் முக்கியம் என்றால், சட்டம் பழைய துப்பாக்கிகளை இரண்டு அடுக்காகப் பார்க்கிறது.

1898-லோ அதற்கு முன்போ தயாரானது "ஆன்டிக்". ஃபெடரல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே இல்லை. 45-70 தோட்டா போடும் டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு, பழைய வின்செஸ்டர் 1873 போன்றவை இதில் வரும். வின்செஸ்டர் 94 போன்ற மாடல்களில் கவனம் வேண்டும். 1894-ல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் தயாரான மாடல் அது, அதனால் மாடல் பெயர் போதாது. உங்கள் கையில் உள்ள அந்த ஒரு துண்டு எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதே கேள்வி. பார்க்க வேண்டியது ரிசீவரை, அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடலை. ஃபின்லாந்து ராணுவம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எம்39 ரைஃபிள்களைப் பழைய ரஷ்ய மொசின்-நகாந்த் ரிசீவர்களின் மேல் கட்டியது. மரக்கட்டையைக் கழற்றினால் ரிசீவரின் வாலில் 1890-களின் தேதி இருக்கும். குழல் 1940-களைச் சேர்ந்ததாக இருந்தாலும் அது ஆன்டிக் கணக்கில் வந்துவிடும். குழலின் வாய்வழியாகக் கருமருந்து அடைத்துச் சுடும் ரைஃபிள்களும், நவீனத் தோட்டா போட முடியாதவையாக இருந்தால், புதிதாகச் செய்தவையானாலும் இந்த வகையே. ஆனால் நவீன ஷாட்கன்னின் உடலில் கருமருந்துக் குழலை மாட்டியதெல்லாம் இதில் சேராது.

ஆன்டிக் என்று உறுதியானால் ஃபெடரல் சட்டப்படி நேராக நண்பருக்கே அனுப்பலாம். நண்பரின் மாநிலமும் அதை அப்படியே ஏற்கிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லா மாநிலமும் ஒரே வரையறையை வைத்திருக்கவில்லை.

இரண்டாவது அடுக்கு, 50 ஆண்டு தாண்டி மூல வடிவத்திலேயே இருப்பவை. "கியூரியோ அண்ட் ரெலிக்" என்பார்கள். இவை முழுத் துப்பாக்கிகள்தான், எல்லா விதியும் பொருந்தும், ஒரு சிறப்பு வாசல் மட்டும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் வாசகர்களுக்குச் சுவையான ஒரு தகவல். அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் அலமாரியில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை முத்திரையோடு லீ-என்ஃபீல்டுகள் நிறைய உண்டு. 303 காலிபரில் பழையவை, 1960-களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக இந்தியா செய்த 2ஏ, 2ஏ1 மாடல்கள் புதியவை. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், தோட்டா வேறு. நண்பரிடம் கொடுக்கும்போது எது எது என்று எழுதிக் கட்டி அனுப்புங்கள். அதேபோல 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டில் வரிசை எண் 800,000-க்குக் கீழே இருந்தால் (ராக் ஐலண்டில் செய்ததென்றால் 285,507-க்குக் கீழே), அந்தக் காலத்து உலோகப் பதம் சரியில்லாததால் ரிசீவர் உடையும் அபாயம் உண்டு. அழகுக்கு வைக்கலாம், சுட வேண்டாம் என்று நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

அலமாரியில் தொடக் கூடாத பொருளும் இருக்கலாம். குழல் 16 அங்குலத்துக்குக் குறைவான ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான ஷாட்கன், தானியங்கித் துப்பாக்கி இவை 1934-ன் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த இயந்திரத் துப்பாக்கிக்குப் பதிவுக் காகிதம் இல்லையென்றால் இன்று பதிவு செய்யவும் முடியாது. 1968 நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை கொடுத்த மன்னிப்புக் காலத்தோடு அந்தக் கதவு மூடிவிட்டது. அதை நகர்த்தாமல் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். பதிவுக் காகிதம் இருந்தால்கூட அதற்கு ஏடிஎஃப் (துப்பாக்கி லைசென்ஸ்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) ஒப்புதல் என்ற தனி நடைமுறை உண்டு. இந்த வழிகாட்டி அதற்கானதல்ல.

படி 3: நண்பரின் மாநிலம் என்ன சொல்கிறது

பென்சில்வேனியாவில் இருந்து டெக்சாஸுக்கு என்றால் ஃபெடரல் விதிகளோடு வேலை கிட்டத்தட்ட முடிந்துவிடும். எதிர்ப்பக்கம் கலிஃபோர்னியா என்றால் 10 நாள் காத்திருப்பு, துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ், வெளிமாநில டீலர் அனுப்புவதற்கு முன் மாநில நீதித்துறையிடமிருந்து பெற வேண்டிய ஓர் அனுமதி எண் என்று அடுக்கு கூடும். இலினாயில் நண்பருக்கு ஃபாய்டு எனும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும், நியூஜெர்சியில் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை, மாசசூசெட்ஸில் மாநில லைசென்ஸ். ஹவாயில் வாங்கும் அனுமதியும் போலீஸ் பதிவும். இந்த அட்டைகள் வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ரைஃபிளைப் பெட்டியில் கட்டுவதற்கு முன் நண்பர் இவற்றை வாங்கி முடித்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட்-ஆக்ஷன், லீவர்-ஆக்ஷன் வகைகளுக்குப் பெரும்பாலும் எங்கும் தடை இல்லை. சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி-ஆட்டோமேட்டிக் என்றால் உஷார். இரண்டாம் உலகப்போர்க் கால எம்1 கார்பைன் டெக்சாஸில் ஒரு சாதாரண நினைவுப்பொருள். நியூஜெர்சி சட்டமோ அதைப் பெயர் சொல்லியே தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. கழற்றும் மேகசின் உள்ள எஸ்கேஎஸ் ரைஃபிளுக்குக் கலிஃபோர்னியாவில் தடை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கும் தடை உண்டு. ரைஃபிள் சட்டப்படியானது, கூட வைத்த மேகசின் சட்டவிரோதமானது என்று ஆகிவிடும். இதையெல்லாம் இணையத்தில் தேடிக் குழம்புவதைவிட, துப்பாக்கியைப் பெறப்போகும் டீலரிடம் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பது மேல். தினமும் அதே வேலை பார்ப்பவர் அவர்.

படி 4: எந்த வழி?

முதல் வழி: நண்பரின் ஊரில் உள்ள டீலருக்கு அனுப்பி, நண்பர் அங்கே போய் வாங்கிக்கொள்வது. எல்லா மாநிலத்துக்கும் எல்லா வகைக்கும் பொருந்துவது இதுதான். கைத்துப்பாக்கி கூட இருந்தால், அது பொதுவாக நண்பரின் மாநிலத்து டீலர் வழியாகவே போக வேண்டும்.

இரண்டாம் வழி: நண்பர் உங்களைப் பார்க்க வருகிறார் என்றால், உங்கள் ஊர் டீலர் கடைக்கே இருவரும் போகலாம். ரைஃபிள், ஷாட்கன் இரண்டையும் மட்டும் டீலர் வெளிமாநிலத்தவருக்கு நேருக்கு நேர் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இரு மாநிலச் சட்டமும் அனுமதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நண்பர் அங்கேயே படிவம் நிரப்பி, சோதனை முடித்து, ரைஃபிளைக் காரில் வைத்து ஊருக்குப் போகலாம். அனுப்பும் செலவு மிச்சம், பெட்டி தொலையும் கவலை இல்லை. முடிகிற இடத்தில் நான் சொல்வது இதைத்தான். கலிஃபோர்னியா போன்ற மாநிலத்தவருக்கு நடைமுறையில் இது மூடிய கதவு. பிற மாநிலத்தவர் என்றால் சில டீலர்கள் தயங்குவார்கள், முதலிலேயே தொலைபேசியில் கேளுங்கள்.

மூன்றாம் வழி: நீங்களே காரில் எடுத்துக்கொண்டு நண்பரின் ஊருக்குப் போய், அங்கே டீலர் கடையில் வைத்துக் கொடுப்பது. உங்கள் துப்பாக்கியை நீங்கள் எடுத்துப்போவது தவறில்லை. 1986-ல் வந்த பாதுகாப்புப் பயண விதி, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது சட்டப்படியானதாக இருந்தால் நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்க உதவுகிறது. துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் உட்காரும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில், அதுவும் கிளவ் பாக்ஸ் தவிர்த்து. வழியில் ஊர் சுற்றாமல் நேராகப் போங்கள். விமானம் என்றால் பூட்டிய கெட்டிப் பெட்டியில், காலியாக, செக்-இன் கவுன்டரில் வாயால் சொல்லிப் பதிய வேண்டும். சாவி உங்களிடமே இருக்கும்.

நாலாவது, அந்தச் சிறப்பு வாசல். நண்பர் சேகரிப்பாளர் லைசென்ஸ் வைத்திருந்தால், 50 வயது தாண்டிய மூல வடிவ ரைஃபிளை டீலர் நடுவில் இல்லாமல் நேராக அவருக்கே அனுப்பலாம். ஏடிஎஃப் கொடுக்கும் இந்த லைசென்ஸுக்கு 3 ஆண்டுக்கு 30 டாலர்தான். அவர் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். கையொப்பமிட்ட லைசென்ஸ் நகலை முதலில் வாங்கிக்கொண்டு, அதில் உள்ள முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். பழைய ராணுவ ரைஃபிள் பிரியர் ஒருவருக்குப் பத்து ரைஃபிள் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அவர் முதலில் இதை எடுத்துவிடுவது இருவருக்கும் நிம்மதி. மாநில விதிகள் அப்போதும் அப்படியே இருக்கும். இந்த லைசென்ஸ் நீங்கள் வைத்திருந்து நண்பரிடம் இல்லையென்றால் பயனில்லை, பெறுபவரிடம்தான் இருக்க வேண்டும்.

படி 5: டீலரைப் பிடிப்பது

நண்பர் தன் ஊர்க் கடைகளில் மூன்று விஷயம் கேட்க வேண்டும். தனிநபரிடமிருந்து வரும் பெட்டியை வாங்கிக்கொள்வீர்களா, அல்லது டீலரிடமிருந்து மட்டும்தானா? கட்டணம் ஒரு துப்பாக்கிக்கா, மொத்தத்துக்கா? சோதனையில் தடங்கல் வந்தால் பெட்டியை எப்படித் திருப்பி அனுப்புவீர்கள்? பல டீலர்கள் தனிநபர் பெட்டியை ஏற்பதில்லை. அது சட்டம் அல்ல, அவர்கள் கடைக் கொள்கை. கட்டணம் பெரும்பாலும் 25 முதல் 50 டாலருக்குள் இருக்கும், பெருநகரங்களில் கூடும். டீலர் தரும் லைசென்ஸ் எண்ணை ஏடிஎஃப் தளத்தில் உள்ள "ஈசி செக்" பக்கத்தில் போட்டுப் பார்த்தால், அது உண்மையானதா, முகவரி அதுதானா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

படி 6: பெட்டி கட்டி அனுப்புவது

யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் இப்போது தங்களோடு ஒப்பந்தம் உள்ள லைசென்ஸ்தாரர்களிடம் இருந்து மட்டுமே துப்பாக்கிகளை ஏற்கின்றன. ஆகவே தனிநபருக்கு இரண்டு வழி. ஒன்று, அமெரிக்கத் தபால்துறை: காலியான ரைஃபிளையோ ஷாட்கன்னையோ எந்த மாநிலத்திலும் உள்ள எஃப்எஃப்எல் டீலருக்கு நீங்கள் தபாலில் அனுப்பலாம். இன்னொன்று, உங்கள் ஊர் டீலரிடம் கொடுத்து அவர் மூலம் அனுப்புவது. செலவு கூடினாலும், நண்பரின் டீலர் தனிநபர் பெட்டியை ஏற்காதவர் என்றால் இதுதான் வழி. விலைமதிப்புள்ள துண்டுகளுக்கும் இதுவே நல்லது.

தபாலில் நீங்களே அனுப்பினால்: போல்ட்டைக் கழற்றித் தனியே சுற்றுங்கள், அதே பெட்டியில் வையுங்கள். கெட்டியான பெட்டிக்குள் ரைஃபிள் ஆடாமல் இருக்க வேண்டும். பழைய வால்நட் கட்டையின் கழுத்துப் பகுதி அடிபட்டால் உடனே விரிசல் விடும், அங்கே நிறையத் துணியோ நுரையோ வையுங்கள். வெளியே "துப்பாக்கி" என்று எழுதாதீர்கள், திருடனுக்கு விளம்பரம் வேண்டாம். டிராக்கிங், காப்பீடு, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் சேவை மூன்றையும் போடுங்கள். உள்ளே ஒரு தாளில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி, நண்பரின் பெயர், தொலைபேசி, துப்பாக்கிகளின் பட்டியல், உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் நகல். இந்தத் தாள் இல்லாத பெட்டியை யார் பெயரில் பதிவது என்று தெரியாமல் டீலர் ஓரமாக வைத்துவிடுவார்.

தோட்டாக்களைத் தபாலில் அனுப்பவே கூடாது, ஒன்றுகூட. பழைய தோட்டாக்கள், அதுவும் யாரோ வீட்டில் திரும்ப நிரப்பியவை, நண்பருக்கு உதவாது. உள்ளூர் போலீஸ் நிலையத்திலோ டீலரிடமோ கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

படி 7: டீலர் கடையில் நண்பர்

அவர் நேரில் போக வேண்டும். வேறு யாரும் அவருக்காகப் போக முடியாது, மனைவியானாலும். படம் உள்ள அரசு அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறி உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் அதற்கு ஈடாக வேறு அரசு ஆவணம் கொண்டுபோக வேண்டும்.

நிரப்ப வேண்டியது 4473 எண்ணுள்ள படிவம். தமிழ்ப் பெயர்களில் இன்ஷியல் விவகாரம் இங்கேயும் வரும். சட்டப்படியான பெயரில் வெறும் எழுத்து மட்டுமே இருந்தால் அதன் பக்கத்தில் "ஐஓ" என்று ஆங்கில எழுத்துகளில் குறிக்க வேண்டும், நடுப்பெயரே இல்லையென்றால் "என்எம்என்". இப்படி இல்லாமல் இன்ஷியலை விரித்து எழுதி, அட்டையில் வேறு மாதிரி இருந்தால் டீலர் திருப்பிவிடுவார். கிரீன் கார்டு வைத்திருப்பவர் தன் ஏலியன் எண்ணையும் (குடியேற்றத் துறை கொடுத்த எண்) எழுத வேண்டும்.

"இதைப் பெறப்போகும் உண்மையான ஆள் நீங்கள்தானா?" என்று படிவம் கேட்கும். உங்கள் ரைஃபிள்கள் அவருக்கே வருவதால் ஆம் என்பதே பதில். இந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு அப்ராம்ஸ்கி வழக்கு போதும். வர்ஜீனியாவில் இருந்த அவர், பென்சில்வேனியாவில் இருந்த மாமாவின் பணத்தில் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார், படிவத்தில் தானே வாங்குவதாகச் சொன்னார். மாமாவுக்குத் துப்பாக்கி வைத்திருக்க முழுத் தகுதி இருந்தது, பின்னர் டீலர் வழியாகவே சட்டப்படி மாற்றியும் கொடுத்தார். ஆனாலும் அது பொய் வாக்குமூலம்தான் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று தீர்ப்பளித்தது. ஆகவே "நானே இன்னொன்று புதிதாக வாங்கிச் சேர்த்து அனுப்புகிறேன், நீ காசு கொடு" என்ற ஏற்பாடு எந்த வடிவத்திலும் வேண்டாம்.

பிறகு சோதனை. டெக்சாஸ் டீலர் எஃப்பிஐயைக் கேட்பார், பென்சில்வேனியா டீலர் மாநிலப் போலீஸ் நடத்தும் முறையைக் கேட்பார். பெரும்பாலும் நிமிடங்களில் பதில் வரும். "தாமதம்" என்று வந்தால் பயப்பட வேண்டாம், அதே பெயரில் வேறு யாரோ இருப்பதால்கூட வரும். 3 வேலை நாளில் பதில் வராவிட்டால் ஃபெடரல் சட்டப்படி டீலர் கொடுக்கலாம், கொடுத்தாக வேண்டும் என்றில்லை. "மறுப்பு" வந்தால் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யலாம். அடிக்கடி தாமதமாகிறவர்கள் எஃப்பிஐயிடம் தனி அடையாள எண் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாலு ரைஃபிளானாலும் ஒரே நேரத்தில் வாங்கினால் ஒரே சோதனைதான், அதனால் தவணை தவணையாக அனுப்பாதீர்கள்.

இதனால் அரசின் பட்டியலில் ஏறிவிடுவோமோ என்று பெரியவர்கள் பலர் கவலைப்படுவார்கள். சோதனையில் தேறியவரின் விவரத்தை எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் அழித்தாக வேண்டும். 4473 படிவம் டீலரின் கடையிலேயே இருக்கும். தனியாகப் பதிவேடு வைக்கும் மாநிலங்களில் மட்டும் கணக்கு வேறு.

உயில், இரவல்

இப்போதே கொடுக்க அவசரமில்லை, உங்கள் காலத்துக்குப் பிறகு அவருக்குப் போனால் போதும் என்றால் உயிலில் எழுதுங்கள். மாநிலம் தாண்டிய தடைக்கு உயில் வழி வருவது தெளிவான விதிவிலக்கு. உயிலை நிறைவேற்றுபவர் டீலர் இல்லாமலேயே நண்பரிடம் சேர்க்கலாம். நண்பர் தகுதியுள்ளவராக இருப்பதும், அவர் மாநில விதியும் அப்போதும் உண்டு. வாய்மொழியாகச் சொல்லிவைத்தது செல்லாது, துப்பாக்கிகளை வரிசை எண்ணோடு உயிலில் குறிப்பிடுங்கள்.

நண்பர் மான் வேட்டைக்காக உங்கள் ஊருக்கு வரும்போது ஒரு ரைஃபிளை இரவல் கொடுப்பதும் அனுமதிக்கப்பட்டதே, விளையாட்டு நோக்கத்துக்கான தற்காலிக இரவல் என்ற கணக்கில். திரும்பி வந்தாக வேண்டும். இரவல் என்று சொல்லி அங்கேயே விட்டுவிட்டால் சட்டம் அதைக் கொடுத்ததாகவே பார்க்கும்.

வேலை முடிந்த பிறகு

டீலர் பெற்றுக்கொண்ட நாள், அவர் லைசென்ஸ் எண், தபால் ரசீது, வரிசை எண்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து அதில் ஒரு ரைஃபிள் திருட்டுப்போய் எங்கோ கிடைத்தால், விசாரணை முதலில் வாங்கியவர் பக்கமே வரும். "இன்ன தேதியில் இன்ன டீலரிடம் ஒப்படைத்தேன்" என்ற ஒரு தாள் அப்போது பேசும். நண்பருக்கு ஓர் அன்பளிப்புக் கடிதமும் எழுதிக் கொடுங்கள்: எங்கே வாங்கியது, யாருடையதாக இருந்தது, எந்தத் தோட்டா, என்ன பழுது. பழைய ரைஃபிளுக்கு அந்த வரலாறு மதிப்பைக் கூட்டும்.

வரி பற்றி அநேகமாகக் கவலை இல்லை. ஒருவருக்கு ஓராண்டில் கொடுக்கும் அன்பளிப்பு 2025 கணக்கில் 19,000 டாலரைத் தாண்டினால்தான் அன்பளிப்பு வரிப் படிவம் நிரப்ப வேண்டிவரும். வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கிகளைத் தனியாகச் சேர்த்திருந்தால் அந்தப் பதிவை நீக்கச் சொல்லுங்கள், நண்பரைத் தன்னுடையதில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டி போய்ச் சேருவதற்கு முன்பே ஒரு நல்ல பூட்டும் அலமாரியை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.